முதல் பரிவட்டம்

"பரிவட்டத்தை மடிச்சி தட்டுலயே வையி. இந்த வருசம் என் தலையில கட்ட வேணாம்."

கன்னியப்பன் சொன்னதைக் கேட்டதும் பம்பைச் சத்தம் நின்றது. பூசாரி மஞ்சள் பட்டுத் துணியைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டார்.

உத்திரமேரூருக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் திரௌபதி அம்மன் தீமிதி என்றால் முதல் பரிவட்டம் கன்னியப்பன் வீட்டுக்குத்தான். அதை அவர் தலையில் கட்டிய பிறகே கரகம் குண்டத்தில் இறங்கும். கரகம் இறங்கிய பிறகே மற்றவர்கள் மிதிக்கலாம். காப்புக் கட்டி, ஈரத் துணியோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

பங்காளி சுப்ரமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாண்ணா வெளையாடறியா? நெருப்பு நீறு பூத்துக்கினு கீது. அணைஞ்சி போச்சின்னா மறுபடியும் கட்டைய அடுக்கவா முடியும்?"

"நான் எதுக்குடா வெளையாடப் போறேன்? எங்க வூட்டுக்கு மரியாத வேணாம். வேற வூட்டுக்குக் கட்டுங்க."

"உன் மனசு எங்க நோவுதுன்னு எனக்குத் தெரியும்ணா." சுப்ரமணி கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "எல்லாரும் கேட்டுக்குங்க! தலைவர் மேல எவனோ கலெக்டருக்குப் பெட்டிசன் போட்டுட்டான். திங்கக்கெழம ஆபீசருங்க விசாரிக்க வராங்க. தலை குனியாத மனுசன் இவரு. வூட்டு மேல சேத்த வாரி எறைச்சிட்டு, இப்ப துணிய நீட்டினா கட்டிக்குவாரா?"

ஊராட்சித் தலைவர் வேறு யாருமில்லை, கன்னியப்பனின் மகன் மோகன்குமார்தான். ஏரிக்கரை இருளர் குடும்பங்களுக்கு அரசு ஒதுக்கிய தொகுப்பு வீடுகள் கட்டி முடிந்ததாக பில் பாஸாகிவிட்டது. அங்கே நிற்பது வெறும் சுவர். கூரை இருக்க வேண்டிய இடத்தில் தார்ப்பாய். பெட்டிசனில் இருந்ததும் அதுதான். ஊருக்கே தெரிந்த விஷயம். எழுதிப் போட்டது யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

மோகன்குமாரும் அன்று காப்புக் கட்டியிருந்தான். கண் கலங்க வந்து அப்பாவின் காலில் விழுந்தான்.

"நைனா, எனக்கோசரம் அம்மன் மரியாதையே வேணாம்னு நிக்கிறியே!"

"எந்திரிடா. எல்லாரும் பாக்கறாங்க."

"பெட்டிசன் போட்டவன இப்பவே கண்டுபுடிச்சி இட்டாரேன். அப்பறம் கட்டிக்குவ இல்ல?"

கன்னியப்பன் முதுகு வளையாமல் குண்டத்தைப் பார்த்தபடி நின்றார். "எங்க அப்பன் காலத்துலயும் சரி, தாத்தன் காலத்துலயும் சரி, எங்க வூட்டப் பத்தி எவனும் ஒரு பேச்சு பேசினதில்ல. என் காலத்துலதான் வந்து வாச்சிது."

அது போதும் மோகன்குமாருக்கு. கண்களைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைத் துழாவினான். மஞ்சள் சேலையில் கடைசியாக நின்ற செவ்வந்தியிடம் வந்து பார்வை நின்றது. ஏரிக்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே குடியிருப்பவள்.

"ஏ செவ்வந்தி, முன்னால வா. நீதான பெட்டிசன் போட்டது?"

"ஆமா தலைவரே."

கூட்டம் சலசலத்தது.

"அம்மன்கிட்ட போட்டுக்கீறேன். ஒரு கூரையக் குடு தாயின்னு வேண்டிக்கினுதான் காப்பே கட்டிக்கினேன். கலெக்டர் ஆபீசு எந்தத் தெசையில கீதுன்னுகூட எனக்குத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். மோகன்குமாரின் முகம் கறுத்தது.

"வாயப் பாத்தியா? மழ வர்றதுக்குள்ள நீங்க அத்தினி பேரும் ஏரிக்கரைய காலி பண்ணிடணும்."

"காலி பண்றதுக்கு இன்னா கீது தலைவரே? ரெண்டு குண்டான், ஒரு தார்ப்பாய். சுருட்டிக்கினு போயிடலாம். பூட்டிக்கினு போறதுக்கு நீ இன்னா கதவா வெச்சிக் குடுத்துக்கீற?"

இந்த முறை குண்டத்து நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மோகன்குமார் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கழட்டு காப்ப! பொய் சொல்றவ குண்டத்துல எறங்கக் கூடாது."

"சாமிக்குக் கட்டினது தலைவரே, அத்தத் தொடாத!" அதுவரை துடுக்காகப் பேசிய செவ்வந்தியின் குரல் உடைந்தது. "அத்த அறுத்துட்டா எனக்கு வேற இன்னா கீது?"

"வேணாம்பா, குத்தம் ஆயிடும்," என்றார் பூசாரி. மோகன்குமாரின் காதில் அது ஏறவில்லை. கயிற்றுக்கு அடியில் விரலை நுழைத்தான்.

கன்னியப்பனின் கை அவன் கையின் மேல் விழுந்தது.

"வுடு அவள."

"நீ சும்மா இரு நைனா. உன் மானத்துக்காகத்தான் இதெல்லாம் பண்ணிக்கினு கீறேன்."

"என் மானத்த நான் பாத்துக்கறேன்." கன்னியப்பன் பூசாரியிடம் திரும்பினார். "நேரம் ஆவுது, பரிவட்டத்த வேற வூட்டுக்குக் கட்டி கரகத்த எறக்கு. செவ்வந்தியும் மிதிக்கட்டும். கணக்கு காட்டாதவன் மட்டுமில்ல, அவனப் பெத்தவனும் சபையில ஒக்காரக் கூடாதுன்னு உத்திரமேரூரு கோயில் செவுத்துல அந்தக் காலத்துலயே வெட்டி வெச்சிக்கீறாங்க."

பிறகு மகனை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அவ கைய வுட்டுட்டு என் கையப் புடிடா. பெட்டிசன் போட்டவன் நான்தான்."