தட்டில் மிஞ்சிய வெற்றிலை

கணவனை இழந்த கமலவேணி மறுமணம் செய்துகொண்டதால், அவளை ஊர்விலக்கு செய்யக் கூட்டம் கூடியது. சம்மதிப்பவர்கள் தட்டிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்து வாயில் போட வேண்டும். வரிசையாக ஒவ்வொருவராகப் போட்டார்கள். திருமேனியும் ஒன்றை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். தட்டு அவர் மகள் பூங்கோதையிடம் போய் நின்றது. அவள் மடியிலிருந்த கையை எடுக்கவே இல்லை.

"எடு தாயி, தட்டு காத்துக்கிட்டு நிக்குது," என்றார் நாட்டாமை.

"எனக்கு வேணாம் மாமா."

"யோவ் திருமேனி, உம்ம வீட்டு மானம் தட்டுல கெடக்கு. பிள்ளைக்குச் சொல்லுமய்யா."

யாரோ சிரித்தார்கள். எவனுக்கும் தலை வணங்காத குடும்பம் நம்முடையது என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர் திருமேனிதான். பூங்கோதை அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். விறைத்த முதுகோடு உட்கார்ந்திருந்த திருமேனி, மடித்த வெற்றிலையை உதடுவரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். ஊரே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது.