வலிப்பட்டை

லேப் டெக்னீஷியன் படிப்பின் கடைசித் தேர்வில் எங்கள் மணிக்கட்டில் வலிப்பட்டை கட்டுவார்கள். அதன் ஜோடியை நோயாளியின் கையில் மாட்டினால் அவருக்கு வலிப்பது நமக்கும் வலிக்கும். நோகாமல் ஊசி குத்தி ரத்தம் எடுக்கக் கற்க வேண்டுமாம்.

எனக்கு வந்தவள் அமுதவல்லி. பட்டையை மாட்டியதுமே என் விலா எலும்புகள் முறிந்ததுபோல் மூச்சு அடைத்தது.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்றான் அருகில் நின்ற அவள் புருஷன். "சீக்கிரம் ரத்தத்தை எடும்மா."

எடுத்தேன். அந்த வலிக்கு நடுவே ஊசி இறங்கியதே தெரியவில்லை.

"நிஜமாவே விழுந்தீங்களாக்கா?" ஊசியை உருவியபடி கேட்டேன்.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் அவள் தோளைப் பிடித்து நெரித்தான். நான் அலறிவிட்டேன். அவளிடமிருந்து சத்தமே இல்லை.

"உனக்கும் வலிக்குதா?" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

கையிலிருந்த ஊசியை அவன் புறங்கையில் எலும்பு தட்டும்வரை இறக்கினேன். அவன் துடித்துத் தரையில் விழுந்தான். தேர்வு நடத்துபவர் ஓடிவந்தார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

அவன் கையில் பட்டை இல்லை. அந்தக் குத்து எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை.