ஐம்பது பேரும் ஒரு வயிறும்

"அண்ணாத்த, அந்த பஜ்ஜியக் கீழ வையி!"

சீனு திரும்புவதற்குள் பாதி மிளகாய் பஜ்ஜி வாய்க்குள் போயிருந்தது. மீதியைக் காகிதத்தோடு சட்டைப் பைக்குள் தள்ளினார். மாமல்லபுரம் டீக்கடையில், காலை ஆறே முக்காலுக்கே ஜெபகுமார் கண்ணில் மாட்டுவோம் என்று அவர் நினைக்கவில்லை.

"இன்னா மறைக்கிற? வாயெல்லாம் எண்ண. தெனம் வயிறு கலக்குதுன்னு வண்டிய நிறுத்தற ஆளு துன்ற ஐட்டமா இது?"

"ஒண்ணே ஒண்ணு ஜெபா. வாசன இஸ்துகினு பூட்ச்சு."

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு வேலையாட்கள் ஐம்பது பேரை ஏற்றிப் போகும் பஸ்ஸுக்கு சீனுதான் டிரைவர். முப்பது வருடமாக ஒரு புகார் கிடையாது. ஒரு மாதமாகத்தான் இந்தக் கூத்து. செங்கல்பட்டைத் தாண்டி பெட்ரோல் பங்க் தெரிந்தால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டுவிடுவார். அவர் கழிப்பறைப் பக்கம் ஓடியதும், வண்டிதான் நிற்கிறதே என்று பெண்கள் சிலர் முகம் கழுவ இறங்குவார்கள். ஆண்கள் டீக்குப் போவார்கள். பத்து நிமிடம் காலி. கம்பெனி வாசலில் விரல் வைக்கிற மெஷினுக்கு வயிற்றுக் கலக்கம் புரியுமா? ஐம்பது பேரையும் லேட் என்று காட்டிவிடும்.

அந்த ஐம்பது பேரில் ஒருவனான ஜெபகுமார் மடித்த தாள் ஒன்றை எடுத்து ஆட்டினான்.

"டிரைவர மாத்தச் சொல்லி கான்ட்ராக்டருக்கு லெட்டர். எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு. அந்தப் புதுப் பொண்ணு ஜெஸ்ஸி மட்டும், 'பாவம், வயசானவரு'ன்னு போடல. இன்னிக்கு வண்டி நின்னுச்சு, நேரா குடுத்துருவேன். இந்த வயசுல உன்ன நம்பி எவன் ஸ்டீரிங்க குடுப்பான்? யோசிச்சுக்க."

சீனு வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அங்கே முன் சீட்டில், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் தெய்வநாயகி டப்பாவோடு காத்திருந்தாள். அவளுக்கு அல்சர் வந்து ஆறியதிலிருந்து அவளும் பாதி டாக்டர். மூன்று வாரமாக சீனுவுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள்.

"கொழைய வடிச்ச சோறு, மோரு ஊத்தி கீது. காரம் கெடையாது. அவசரமா முழுங்காத, கொஞ்சம் கொஞ்சமா மென்னு துன்னு. வெறும் வயித்துல டீ குடிச்சேன்னு கேள்விப்பட்டேன், அவ்ளோதான்."

"ஆஸ்பத்திரி சாப்பாடே தேவல போல."

"வாய் மட்டும் கொறையல. ஆனா ஒண்ணு, டப்பாவ மட்டும் பளபளன்னு களுவித் தர்ற. இந்த பஸ்சு கண்ணாடிய ஒரு நாளு இப்டி தொடச்சிருக்கியா?"

சீனு வண்டியைக் கிளப்பினார். திருக்கழுக்குன்றத்து மலை பின்னால் போனது. செங்கல்பட்டு நெருங்க நெருங்க பஸ்ஸில் பேச்சு குறைந்தது.

"தெய்வா," என்றார் சீனு, ஊருக்கே கேட்கிற மாதிரி. "பயத்துல வயிறு கலக்குனா இன்னா பண்ணணும்னு சொன்ன?"

"நேத்துதான சொன்னேன்? மனசும் வயிறும் ஒரே வூட்டு ஆளுங்க. வயித்து மேல கைய வெச்சுகினு மெதுவா மூச்ச இழு. நாலு எண்ணிகினே வுடு. அதுக்கேன் கத்தற? பக்கத்துலதான கீறேன்."

"இஞ்சின் சத்தம். இன்னொரு வாட்டி உரக்கச் சொல்லு. நாலா?"

"நாலு! நாலு! உனுக்கு இன்னா பயம், ரோட்டுல சிங்கமா நிக்குது?"

"பின்னால ஒருத்தன் லெட்டர வெச்சுகினு குந்திகினு கீறானே. சிங்கம் தேவல."

பஸ்ஸே சிரித்தது. ஜெபகுமார் மட்டும் சிரிக்கவில்லை.

பங்க் தெரிந்தது. சீனு வேகத்தைக் குறைத்தார். சிரிப்பு நின்றது.

"அண்ணாத்த, வேணாம்..." என்றான் ஜெபகுமார். தாள் அவன் கையில் விரிந்திருந்தது.

சீனு தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி ஊர்ந்தது. பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மிதித்தார்.

பங்க் பின்னால் போனதும் பஸ்ஸுக்குள் விசில் பறந்தது. கம்பெனி வாசலுக்கு வந்தபோது இன்னும் ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. ஜெபகுமார் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மன்ச்சுக்க அண்ணாத்த" என்று தோளைத் தொட்டான். தெய்வநாயகி, "எல்லாம் என் சோறு பண்ண வேல!" என்று வாசல் காவலாளி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.

எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக வந்தாள் ஜெஸ்ஸி. முகமெல்லாம் வியர்வை; ஆனாலும் சிரித்தாள். சீனு அந்த டப்பாவைத் திறக்காமலே அவளிடம் நீட்டினார்.

"நாலு எண்ணிகினே வந்தியா?"

"நானூறு எண்ணிட்டேன் அங்கிள். நிறுத்த வேணாம்னு நான் கண்ணாடியில தலையாட்டறப்போ எனக்கே நம்பிக்க இல்ல. ஒங்க வேலையே போயிருக்குமே... கலக்கறது என் வயிறுன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அம்பது பேருக்கு நடுவுல ஒரு பொண்ணு வாயத் தொறந்து கேக்கற விசயமாம்மா அது? எனுக்கு இன்னா, கல்லத் துன்னாலும் செரிக்கும்," என்ற சீனு, சட்டைப் பையிலிருந்த மீதி மிளகாய் பஜ்ஜியை எடுத்து நிம்மதியாகக் கடித்தார்.