சனம் சிரிக்கும்

மண்டபத்தின் நடுவில் நான் ஆடுவதற்குக் கையை விரித்ததும், என் மனுசன் தவராசா தலையைக் குனிந்து சாப்பாட்டுத் தட்டையே பார்க்கத் தொடங்கினார்.

காரில் வரும்போதே சொல்லியிருந்தார். "இந்த வயதிலை உமக்கு உது தேவையோ? சனம் சிரிக்கும்."

சனம் என்றால் அவருக்கு இரத்தினசிங்கம்தான். கோயில் செயலாளர். அவருடைய மனைவிக்கும் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் வேலை. அதனால் இருவரும் விருந்துக்கு வந்து எங்கள் மேசையிலேயே விறைப்பாக இருந்தார்கள்.

அந்த இல்லத்துச் சலவை அறையில் என்னோடு நிற்பவள் சினா, சமோவாத் தீவுக்காரி. மெஷின் சுற்றும் நேரத்தில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே எனக்குத் தங்கள் ஊரின் இந்த ஆட்டத்தைப் பழக்கியவள். இன்று இந்த மாங்கரே மண்டபத்தில் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள். பரிசாக என் ஆட்டத்தைக் கேட்டாள்.

உண்மையில், கேட்காவிட்டாலும் ஆடியிருப்பேன். இத்தனை வருடம் யார் யாருக்கோ அடங்கிக் கிடந்த கை, இந்த ஆட்டத்தில்தான் என் சொல் கேட்டது.

மெதுவாக ஆடினேன். சந்தோசமாக இருந்தது.

அப்போது சினாவின் தம்பிமார் இருவர் கூவிக்கொண்டு ஓடிவந்து என்னைச் சுற்றிக் குதித்தார்கள். தரையில் விழுந்து உருண்டார்கள். அது அவர்களின் வழக்கம். சுற்றி நிற்பவர்கள் கோமாளி மாதிரி ஆட ஆட, நடுவில் ஆடுகிறவள் வடிவாகத் தெரிவாள். வீட்டு ஆட்கள் செய்கிற மரியாதை அது.

இதை என் மனுசனுக்குச் சொல்ல மறந்துபோனேன்.

பெண்சாதியை நக்கலடிக்கிறார்கள் என்று நினைத்து அவர் பாய்ந்து வந்தார். கையை ஓங்கி, "விலத்துங்கோடா!" என்று கத்தினார். மண்டபமே எழும்பிக் கைதட்டியது. இப்படி ஒரு கோமாளியை அவர்களும் பார்த்ததில்லை போல.

சினா ஓடிவந்து அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் மேசைப் பக்கம் பார்த்தார். இரத்தினசிங்கம் வாயைப் பிளந்தபடி இருந்தார். பிறகு என் மனுசன் என்னைப் பார்த்தார்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

அவர் கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினார். அவருக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்று. "அரோகரா!" என்று ஒரு சத்தம் போட்டு, தோளில் இல்லாத காவடியோடு என்னைச் சுற்றத் தொடங்கினார். கால் ஒரு பக்கம் போனது, வயிறு ஒரு பக்கம் போனது.

அவர் சொன்னது சரிதான். சனம் சிரித்தது, இரத்தினசிங்கமும் விழுந்து விழுந்து சிரித்தார்.

என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.