இன்னும் காத்து இருக்குங்க

“அந்த வால்வ எடுத்துக் கடாசிட்டு வண்டிய வுடு மேஸ்திரி. அவனவன் அது இல்லாமத்தான் ஓட்டிக்கினு இருக்கான்” என்றான் போலீஸ் டிரைவர் ராசு.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கச்சிராயபாளையத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதைத்தான் செய்வார்கள். தெர்மோஸ்டாட் வால்வு அடைத்துக்கொண்டால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது, இன்ஜின் கொதிக்கும். வால்வைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். மேஸ்திரி ராஜாங்கமும் இருபது வருடமாக அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று மட்டும் அவருக்குப் புதிதாகத் தொழில் பக்தி வந்திருந்தது.

“மல ஏத்தம் சார். வால்வு இல்லாம போறது நல்லதில்லீங்க. புதுசு போட்டுத் தரேன்” என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்காக வெளிமாவட்டத்திலிருந்து வந்தவர், ஊரில் யாரையும் தெரியாது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கி அன்று நாலாவது நாள். ரோட்டுக்கு ரோடு மரம் சாய்ந்து கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து எப்படியோ வளைந்து நெளிந்து வந்த இந்த ஜீப், கல்வராயன் மலை மேலிருக்கும் வெள்ளிமலைக்கு ஏறும் முன்பே கொதித்து ராஜாங்கத்தின் கடை வாசலில் நின்றுவிட்டது.

மேலே எதற்குப் போகிறார்கள் என்று ராஜாங்கம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரம் சாய்த்த வழக்கில் அவருடைய மகன் இளஞ்செழியன் பெயர் இருந்தது. காலேஜில் படிக்கிற பிள்ளை. முந்தாநாளிலிருந்து கல்வராயன் மலையில் ஒளிந்திருந்தான். இன்று விடிந்ததும் நடக்கத் தொடங்கி, மதியத்துக்குள் கருமந்துறை வழியாகச் சேலம் பக்கம் போய்விடுவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான். மதியம் வரை இந்த ஜீப் மலை ஏறக் கூடாது. ராஜாங்கத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜீப்பின் பின்பக்கம் ஒரு கயிற்றுக் கட்டிலும் இரண்டு கம்பளியும் இருந்தன. பிடிக்கிற வரை மேலேயே தங்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

கைக்கு எட்டும் இடத்தில் இருந்த புது வால்வை அரை மணி நேரம் தேடினார். கேஸ்கட்டுக்கு அட்டை வெட்டினார், சரியில்லை என்று கிழித்தார், மறுபடியும் வெட்டினார். மனைவி பெரியநாயகி வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போ என்று கண்ணாலேயே சொன்னார். வால்வைப் பொருத்தித் தண்ணீர் நிரப்பி முடிக்கும்போது மணி பத்தரை ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் அவருக்குப் பெரிய வழி கிடைத்தது. புதிதாகத் தண்ணீர் ஊற்றினால் குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்ளும். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, காற்றெல்லாம் குமிழியாக வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். கால் மணி நேர வேலை. ராஜாங்கம் பானட்டுக்குள் கையை விட்டபடி நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் குழாயை ஓர் அமுக்கு அமுக்கினார். மேலே குபுக்கென்று ஒரு குமிழி வந்தது.

“இன்னும் காத்து இருக்குங்க. இப்படியே ஏறினா பாதி வழியில இன்ஜினு பூடும்.”

சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதும், நடப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார். அதட்டுவார் என்று பார்த்தால் கெஞ்சாத குறையாகச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். அது ராஜாங்கத்துக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒருமுறை பக்கத்தில் வந்து நின்று, “மேல ஒரு பையன்ப்பா...” என்று ஆரம்பித்தார்.

மகன் பெயரை இந்த ஆள் வாயால் கேட்டால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று ராஜாங்கம் பயந்தார். ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்துப் பிடித்தார். இன்ஜின் அலறியது. சப்-இன்ஸ்பெக்டர் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, சலிப்போடு கையை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது. இந்நேரம் பிள்ளை கருமந்துறையை நெருங்கியிருப்பான். ராஜாங்கத்துக்குள் ஒரு திமிர்கூடத் தலைதூக்கியது. துப்பாக்கி வைத்திருக்கிறவனை வெறும் கையால் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்றவன் வேறென்ன செய்வான்?

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், காட்டிலாகா வாட்சர் ஒருவர் மலை ரோட்டிலிருந்து சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். சப்-இன்ஸ்பெக்டரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மெல்ல நடந்து வந்து ராஜாங்கத்தின் தோளில் கை வைத்தார்.

“இன்ஜின நிறுத்துப்பா. விடியக்காலையில மேல ஒரு காலேஜ் பையனப் பாம்பு கடிச்சிருச்சு. ரோடெல்லாம் மரம். ஒரு வாடகை வண்டிக்காரனும் வர மாட்டேன்னுட்டான். கேஸ்ல இருக்கிற பையன்தான், அதுக்காக அப்படியே விட்டுட முடியுமா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரத்தான் போய்ட்டிருந்தோம்” என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “இளஞ்செழியன்னு பேராம். அரை மணிக்கு முன்னாலதான் முடிஞ்சிருக்கு. இனிமே அவசரமில்ல, நீ நிதானமாவே பாரு.”