கண்டெடுத்தவர்

"கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மாப்ளே. எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ என்னவோ," என்றார் மச்சான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு காது வைத்த மண் ஜாடி, முழங்கால் உயரத்துக்கு நின்றது. படகுக்காரர் குனிந்து, கீழே ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'பழைய துறைமுகக் காலத்து ஜாடி. கரையில் ஒதுங்கிக் கிடைத்தது. கண்டெடுத்தவர் பெயர் தெரியவில்லை.'

இன்னொரு தடவை படித்தார். எழுத்து மாறவில்லை.

"ஒதுங்கிச்சாமே?" என்றார் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒரு வருஷமாக, வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், 'எங்க மாப்பிள்ளை வலையில மீனைத் தவிர எல்லாம் விழும்' என்று ஆரம்பித்துவிடுவார். போன வாரம்தான் ஜாடியை அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். அந்த வாயை அடைக்கத்தான் இன்று படகுக்காரர் பிழைப்பைப் போட்டுவிட்டு, மச்சானைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

"கழுத்துல கீறல் இருக்கு பாருங்க மச்சான். என் வலையோட ஈயக்குண்டு பட்டது. இதை எனக்குக் கொடுத்துடுன்னு கார் போட்டுக்கிட்டு ஒருத்தன் வீடு தேடி வந்தான். போடா வேலையப் பாத்துக்கிட்டுன்னு விரட்டிட்டு, புள்ளையத் தூக்கற மாதிரி துணி சுத்தி இங்க கொண்டாந்து கொடுத்தேன்."

"நான் நம்பறேன் மாப்ளே. அட்டைதான் நம்ப மாட்டேங்குது."

படகுக்காரருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. விறுவிறுவென்று கடைசி அறைக்கு நடந்தார். மச்சான் வேடிக்கையை விட்டுவிடக் கூடாதென்று பின்னாலேயே போனார்.

காப்பாட்சியர் அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். எதிரே, மடியில் கோப்போடு ஒருவர்.

"அம்மா, என்னைத் தெரியுதா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்தான்.

"தெரியலையே. என்ன வேணும்?"

"தெரியலையா? போன வருஷம் இதே நாற்காலியில உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தீங்க. என் பேரு, எங்கப்பா பேரு, படகு நம்பர் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினீங்க. இப்ப பேரு தெரியலைன்னு அட்டை ஒட்டி வச்சிருக்கீங்க. நல்லா இருக்கா இது?"

"அது கரையில கிடந்தது. நீங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டுப் பேசறீங்க. வெளியில போங்க."

"கரையிலயா? இதோ, இந்தக் கை இழுத்த ஜாடிங்க அது. படிச்சவங்க எடுத்தா கண்டுபிடிப்பு. நாங்க எடுத்தா அதுவா ஒதுங்கினது. அப்படித்தானே?"

அம்மா பேனாவை மூடினார். பின்னால் மச்சான் தொண்டையைச் செருமினார். சிரிப்பை விழுங்குகிற செருமல்.

கோப்புக்காரர்தான் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க ஐயா. பாவம், நொந்துபோய் வந்திருக்கீங்க. எங்க எடுத்தீங்கன்னு எங்கிட்டச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

படகுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்தக் கட்டடத்தில் காது கொடுத்துக் கேட்க ஒரு மனுஷனாவது இருக்கிறானே.

"எழுதிக்குங்க சார், தேதியோட சொல்றேன். விளக்குக் கோபுரத்துக்கு வடக்கே, மிதவை கட்டி மறிச்சு வச்சிருக்காங்களே, அதுக்கு உள்ளாற..."

மேசைமேல் அம்மாவின் கை படீரென்று விழுந்தது.

"இந்த ஆளுக்கு இதே வேலை சார். போன வாரம் மணிமாலையை நான்தான் எடுத்தேன்னு வந்தார். அதுக்கு முந்தின வாரம் கல் நங்கூரம். புத்தி கொஞ்சம் சரியில்லை. இவர் சொல்றதை எழுதினா உங்க கோப்புதான் பாழாகும்." வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தார். "இவரை வெளியில கொண்டுபோய் விடுங்க. இனிமே உள்ள விடாதீங்க."

காவலாளி அக்குளில் கை கொடுத்து நெட்டித் தள்ளிக்கொண்டு போனதுகூடப் படகுக்காரருக்கு உறைக்கவில்லை. மச்சானுக்குத்தான் படியிறங்கும்போது கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க மாப்பிள்ளையை நாங்க ஆயிரம் சொல்லுவோம். புத்தி சரியில்லைன்னு சொல்ல அந்தம்மா யாரு?"

அதைக் கேட்டதும் படகுக்காரர் படியிலேயே நின்றார். காவலாளியின் சட்டையைப் பிடித்தார்.

"நீயும்தானே அன்னைக்கு இருந்த? ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ பிடிச்சுத்தானே ஜாடியை இறக்கினோம்? உனக்குமா மறந்துபோச்சு? கூசாம பொய் சொல்றாங்க உங்க மேடம். கைய விடுப்பா. கோப்பு வச்சிருக்காரே, அவர்கிட்ட மிச்சத்தையும் சொல்லிட்டு வந்துடறேன். அவர்தான் மனுஷன்."

காவலாளி கையை விடவில்லை. வெளிக்கதவைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் கூட்டிப் போனார். திரும்பிப் பார்த்து, பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, மிதவைக்கு உள்ள வலை போடத் தடை. அதை மீறி ஜாடியை எடுத்தது எந்தப் படகுன்னு தேடி வந்த அதிகாரியே அந்தக் கோப்புக்காரர்தான். படகை நீரோட்டம்தான் உள்ள இழுத்துட்டுப் போச்சுன்னு நீங்க சொன்னா யாரு கேப்பா? பேரு கெடச்சா படகைப் பறிச்சுடுவாங்க. மூணு நாளா மேடத்தைத் துருவித் துருவிக் கேக்கறார். உங்க பேரு எழுதின தாளை மேடம் என்னைக்கோ கிழிச்சுப் போட்டாச்சு. தெரிஞ்சா அவங்க வேலையும் போகும். அவர் விசாரணை முடிய இன்னைக்கு ஒரு நாள்தான் பாக்கி."

படகுக்காரரின் சட்டைக் காலரை காவலாளியே சரி செய்துவிட்டார்.

"சாயங்காலம் வரைக்கும் நீங்க யாரோ, நாங்க யாரோ. கிளம்புங்க."