பார்ட்டிசன்

விளக்குத்தூண் அருகே அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சேலைக் கடை. பல வருட பில்கள் கம்ப்யூட்டரில் ஒரே டேபிளில், அதாவது ஒரே நீளப் பட்டியலில், குவிந்து கிடந்தன. ஒரு பழைய பில்லைத் தேடி எடுப்பதற்குள் வாடிக்கையாளர் வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிடுவார்.

தம்பி வெங்கடேஷ்பாபு, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னார். பார்த்துவிட்டு, கல்லாவிலிருந்த அண்ணன் சந்தானத்திடம் போனேன்.

“பார்ட்டிசன் பண்ணிரலாம்ணே. இனிமே எல்லாத்தையும் ஒண்ணா வச்சு ஓட்ட முடியாது.”

அவர் முகம் மாறியது. “தம்பி சொல்லித்தான் வந்தியா?”

“ஆமாண்ணே. சின்னவருக்குப் பொறுமையே இல்ல. இன்னைக்கே முடிங்கிறாரு.”

“ஊரு என்னடா பேசும்?”

“வெளிய யாருக்கும் தெரியாதுண்ணே. பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள பிரிச்சிருப்போம்.”

“அம்புட்டுத் தூரம் பேசி வச்சிருக்கீங்களா? சரி, நாளைக்கு வா.”

மறுநாள் கம்ப்யூட்டர் முன்னால் வக்கீல் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தம்பியும் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் பதறிப்போனேன். “பில் டேபிளைத்தாண்ணே பிரிக்கச் சொன்னேன்!”

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். தம்பிதான் முதலில் பேசினார்.

“எதைச் சொன்னா என்ன மாப்ள? யாராவது ஆரம்பிச்சு வைக்க மாட்டாங்களான்னுதான் ரெண்டு பேரும் இத்தன வருசம் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். வக்கீல் சார், நீங்க எழுதுங்க.”

அண்ணன் தன் பேனாவை எடுத்து வக்கீலிடம் நீட்டினார்.

தம்பி பழங்காநத்தத்தில் தனிக்கடை போட்டார். பாதிக் கூட்டமும், அவருடைய ஆள் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்தெடுத்த பாதி பில்களும் அவரோடு போய்விட்டன. அண்ணன் கடையில் இப்போது கேட்டவுடன் பில் வருகிறது.

“கெட்டிக்காரப் பய” என்று என்னை எல்லோரிடமும் புகழ்கிறார். அந்த டேபிளை நான் தொடவே இல்லை.